ஏப்ரன் இல்லாத படம்

பிள்ளை, உன் பாஸ்போர்ட்டை நான் ஒளித்து வைக்கவில்லை. நீ வைத்த இடத்திலேயே, ரெலிவிஷன் மேசையின் லாச்சிக்குள், கொழும்பு டிக்கெட்டோடு கிடக்கிறது. நான் செய்ததெல்லாம் இந்தக் கடித உறையை அதன் மேல் வைத்து ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கியதுதான். நாளைக் காலை டாக்சி வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கும்போதுதான் நீ பாஸ்போர்ட்டைத் தேடி ஓடுவாய் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடப் பையைத் தேடிய காலத்திலிருந்து அப்படித்தானே. ஆகவே இதை விமானத்தில் படி. பத்து மணித்தியாலத்துக்கு மேல் சும்மாதான் இருக்கப் போகிறாய். "அம்மா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று நடுவில் குறுக்கிடவும் உன்னால் ஏலாது. எனக்கு அது நல்ல வசதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று முடித்ததும் நீ அந்தத் துண்டுப்பிரசுரத்தை மேசையில் வைத்தாய். பளபளவென்ற தாள். பலூன் பிடித்தபடி ஒரு பிள்ளை சிரிக்கிறது, பக்கத்தில் நம்முடைய நிறத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள், லண்டனுக்கு ஆசிரியையாக வாருங்கள் என்று மேலே பெரிய ஆங்கில எழுத்து. "அம்மா, இதை ஜஸ்ட் தமிழில எழுதித் தாங்கோ. சிங்களத்துக்கு ஒஃபிசில ஆள் பிடிச்சிட்டினம். தமிழுக்கு நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு நான் சொல்லிப் போட்டன்" என்றாய். பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தாறு வயதில் ஏழு நேர்சரிகளுக்கு ஆள் எடுக்கிற பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்களே, கொழும்பில் பெரிய ஹோட்டலில் மேசை போட்டு, ஊரில் இருந்து வருகிற பாலர் பாடசாலை ஆசிரியைகளை நீ இருந்து பார்த்துத் தெரிவு செய்யப் போகிறாயே என்று மனம் குளிர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன் கோப்புக்குள் இன்னொரு தாளும் இருந்தது. அவர்கள் கையெழுத்து வைக்க வேண்டிய ஒப்பந்தம். அதில் எங்கேயும் ஆசிரியை என்ற சொல்லே இல்லை. உதவியாள் என்றிருந்தது. குழந்தைகளின் நப்பித் துணி மாற்றுவது, போத்தல் கழுவுவது, தரை துடைப்பது, படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பது என்று ஒரு நீளப் பட்டியல். ஊரில் படித்த பயிற்சிச் சான்றிதழ் இங்கே செல்லாது, இங்கே ஒரு படிப்பை முடித்தால்தான் ஒரு அறையின் பொறுப்புக் கிடைக்கும் என்பது கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில். "பிள்ளை, இதில ரீச்சர் எண்டு கிடக்கு, அதில ஹெல்பர் எண்டு கிடக்கு, எது சரி?" என்று கேட்டேன். நீ போனில் எதையோ அழுத்திக்கொண்டே, "ரெண்டும் சரிதான் அம்மா. வந்தாப் பிறகு விளங்கப்படுத்துவம். இப்பவே எல்லாத்தையும் சொன்னா ஆர் வருவினம்?" என்றாய். குசினிக்குள் போய், கழுவி வைத்த சட்டியை எடுத்து இன்னொரு தரம் கழுவினேன். ஏனென்றால் அந்தப் பதிலை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னர் அதை என் கையாலேயே எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டவள் நான்.

உன் கஷ்டம் எனக்கு விளங்காது என்று நினைக்காதே. மிட்சம் நேர்சரியில் உங்கள் கைக்குழந்தைகள் அறை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்பதும், இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் நிற்க வேண்டும் என்ற சட்டத்தில் ஒருத்தி காய்ச்சல் என்று படுத்தால் வாசலில் வைத்தே தாய்மாரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். சுப்பர் மார்க்கெட்டில் வேலை கிடைத்தும் பிள்ளையை விட இடமில்லாமல் நிற்கிற நம்முடைய பெண்கள் எத்தனை பேர் என்னிடமே வந்து கேட்கிறார்கள். இங்கே படித்து வருகிற பெட்டையளோ ஆறு மாதத்தில் கையை உதறிவிட்டுக் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே வெளிநாட்டிலிருந்து ஆள் கூப்பிடுவது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கூப்பிடு. நல்லவர்களாகப் பார்த்துக் கூப்பிடு. எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முதலில் என் குட்டு உடைய வேண்டும். நேற்றைக்கு வரை எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

நாங்கள் லண்டனுக்கு வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் நான் பதினொரு வருடம் பாலர் வகுப்புப் படிப்பித்தவள். தெருவில் போனால் சைக்கிளில் வருகிறவன் இறங்கி நின்று "ரீச்சர்" என்பான். கலியாண வீட்டிலும் ரீச்சர்தான், மீன் சந்தையிலும் ரீச்சர்தான். என் பெயர் உன் அப்பாவுக்கே மறந்துபோயிருக்கும். இங்கே தோர்ண்டன் ஹீத்தில், ஒரு தேவாலய மண்டபத்தின் பின்பக்கத்தில் பார்பரா நடத்திய நேர்சரியில் எனக்குக் கிடைத்தது நீல ஏப்ரனும் ஒரு வாளியும். பிள்ளைகள் இருந்தெழும்பிய சட்டிகளைக் கழுவினேன், வாய் துடைத்த துணிகளைத் தோய்த்தேன், மத்தியானம் அவர்கள் படுக்கிற பாய்களை விரித்துச் சுருட்டினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. பார்பராவும் கெட்டவள் இல்லை. ஆனால் ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் என் பேனா என் சொல் கேட்காது. இங்கே ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன் என்று எழுதினேன். ஒரு தரம் எழுதினால் பிறகு அதையேதான் எழுத வேண்டும்.

அந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பார்பராவின் கோடைக்கால விழா. நான் உடுப்புப் பையில் மஞ்சள் கைத்தறிச் சேலையைக் கொண்டுபோய், மலசலகூடத்துக்குள் நின்று உடுத்துக்கொண்டு வந்து, பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கதைப்புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்தேன். படம் எடுத்தவள் நீ. "ஏன் அம்மா ஏப்ரனைக் கழட்டினனீங்கள்?" என்று கேட்டாய். "நீலம் படத்தில வடிவா விழாது" என்றேன். நீ நம்பினாயோ தெரியாது, சொன்னபடி எடுத்தாய். ஆறு பிரதிகள் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினேன். அதில் ஒன்று நேசத்துக்கு.

நேசம் அன்ரியை நீ நோர்பரியில் பார்த்திருக்கிறாய், கதைத்துமிருக்கிறாய். அவள் எனக்கு யார் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறை. மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண், காலைப் பூசைக்குப் போகாமல் வாயில் தண்ணீர் படாதவள். நான் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் எனக்காக மச்ச மாமிசம் தின்னாமல் இருப்பாள், அவளுடைய தவசு நாட்களில் நான் இருப்பேன். சண்டை மூண்ட பிறகு கொழும்புக்கு இடம்பெயர்ந்து போய், வெள்ளவத்தையில் வாடகை வீட்டின் முன்னறையிலேயே ஒரு பாலர் வகுப்புத் தொடங்கினாள். எல்லாம் இவளைப் போலவே ஓடி வந்தவர்களின் பிள்ளைகள், முப்பது பேர். தச்சனைப் பிடித்து முப்பது குட்டிக் கதிரை செய்வித்திருந்தாள். என் படத்தைத்தான் அந்த அறைச் சுவரில் மாட்டி, "லண்டன் ரீச்சர்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாளாம்.

தொண்ணூற்றொன்றில் பார்பராவுக்கு இப்போது உனக்கு வந்திருக்கிற இதே கஷ்டம் வந்தது. ஆட்கள் நின்றுவிட்டார்கள். இன்னொரு பக்கம் நம்முடைய சனம் வந்து குவிகிறது. ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் வாசலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகின்றன. "உன்னைப் போல இன்னொருத்தி ஊரில் இல்லையா? தமிழ் தெரிந்தவள் என்று காரணம் காட்டி நான் அனுமதி எடுக்கிறேன்" என்றாள் பார்பரா. நேசம் என்று உடனே வாயில் வந்துவிட்டது. எழுதினேன். ஒப்பந்தம் போனது. நேசம் ஒரு நீல ஏரோகிராமில் எனக்கு எழுதினாள்: "இதில் உதவியாள் என்று கிடக்கிறதே, படிப்பிக்கிற வேலைதானே? எனக்கு விளங்கச் சொல்லு. இங்கே வகுப்பை விட்டுவிட்டு வர வேண்டும்." நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "இங்கே எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார்கள். பயப்படாமல் வா. மிச்சத்தை வந்த பிறகு விளங்கப்படுத்துகிறேன்."

ஏன் அப்படி எழுதினேன் என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவளுக்கு உண்மையைச் சொன்னால் என் படம் பொய்யென்று ஆகிவிடும். அதுதான் முதலாவது காரணம், அதை மழுப்ப நான் விரும்பவில்லை. இரண்டாவது, எனக்கு ஆள் தேவைப்பட்டது. கழுவித் துடைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நின்று தமிழில் இரண்டு பகிடி விட ஒருத்தி வேண்டும் போல இருந்தது. வெட்கமும் தனிமையும் சேர்ந்தால் மனிதர் என்னவும் எழுதுவார்கள், பிள்ளை. நான் எழுதினேன்.

நேசம் வந்தாள். ஹீத்ரோவில் அவள் தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் ஒரு சூட்கேசும் ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தன. பெட்டி நிறைய மட்டையில் வெட்டிய எழுத்துகள், சாயம் பூசிய புளியங்கொட்டைகள், பித்தளைக் கைமணி ஒன்று. திங்கட்கிழமை காலை வெள்ளைச் சேலை உடுத்து, தலையைக் கொண்டை போட்டு, அந்த மணியையும் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு நேர்சரிக்கு நடந்தாள். தெரு முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்கு ஓரடி முன்னால் விரைந்து நடந்தேன். உள்ளே போனதும் பார்பரா சிரித்த முகத்தோடு அவளை வரவேற்று, கையில் ஏப்ரனைக் கொடுத்து, வாளி இருக்கிற அறையைக் காட்டினாள். மூன்று வயதுப் பொடியன் ஒருவன் ஓடி வந்து அண்ணாந்து பார்த்து "நேசம்!" என்று கூப்பிட்டான். அங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் பிள்ளைகள் கூப்பிடும், அதுதான் வழக்கம். பதினைந்து வருடத்துக்கு மேலாக ரீச்சர் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் கேட்காத அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று.

நப்பி மாற்றுகிற அறையில் நான் எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நேசம் மணியைக் கை கழுவுகிற தொட்டியின் விளிம்பில் வைத்தாள். "உதைத்தானோ நீ ஐஞ்சு வருசமாச் செய்யிறாய்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "படத்தில உது இல்லையே" என்றாள். நான் அழத் தொடங்கினேன். எனக்கு அது கைவந்த கலை, பிழையைச் செய்துவிட்டு முதலில் நானே அழுதுவிடுவது. நேசம் அழவில்லை. ஏப்ரனைத் தலையால் போட்டு முடிச்சை இறுக்கினாள். "எடி, கழுவிறது எனக்குப் புதுசே? முப்பது பிள்ளையளின்ர மூக்கும் குண்டியும் கழுவினனான். நீ உள்ளதைச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பன். வராமலும் விட்டிருப்பன். அதை நான் எல்லோ யோசிச்சிருக்கோணும்? என்ர யோசனையையும் சேர்த்து நீயே யோசிச்சுப் போட்டாய்" என்றாள். அடுத்த நாளிலிருந்து எனக்கு அவள் வாயில் நீ போய் நீங்கள் வந்துவிட்டது. "அந்தத் துணியை எடுங்கோ", "கதவைச் சாத்துங்கோ". நான் பெற்றதில் பெரிய அடி அதுதான். வெள்ளவத்தையில் அவளுடைய வகுப்பை எடுத்து நடத்துகிறேன் என்று சொன்னவள் இரண்டு மாதத்தில் கைவிட்டுவிட்டாளாம். பூட்டிய கதவுக்கு முன்னால் தாய்மார் ஒரு கிழமையாக வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நேசத்துக்குக் கடிதம் வந்தது. அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள், ஒரு சொல்லும் விடாமல்.

இதோடு நான் திருந்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? எங்கே திருந்துவது! அந்த மாரி காலத்தில் மிட்சம் பக்கமிருந்து ஒரு சின்னப் பெட்டை வந்தாள். ஊரிலிருந்து வந்து ஆறு கிழமை. தாய் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையோ கரண்டியைத் தொடாது, வாயைத் திறக்காது. நாலு நாள். ஐந்தாம் நாள் மத்தியானம் நேசம் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மசித்த உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் பொரித்த மீன் துண்டையும் கையால் நன்றாகக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, "இது காகத்துக்கு, இது அம்மாவுக்கு, இது ஆருக்கு?" என்று கேட்டாள். பிள்ளை ஆவென்று வாயைத் திறந்தது. அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் சும்மா இருக்குமா? வெள்ளைப் பிள்ளை, ஜமேக்காப் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை என்று ஏழு பேர் சுற்றிவர உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். நேசம் ஓட்டமாய் உருட்டி உருட்டி வைக்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் பார்பரா கதவைத் திறந்தாள்.

அன்று பின்னேரம் பார்பராவின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். நான் மொழிபெயர்க்க. கையால் ஊட்டுவது சுகாதாரத்துக்குக் கேடு, பிள்ளைகள் தாங்களாகக் கரண்டியால் சாப்பிடப் பழக வேண்டும், இது எழுத்து மூல எச்சரிக்கை, இன்னொரு தரம் நடந்தால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டேன் என்று பார்பரா சொன்னாள். நான் தமிழில், "கொஞ்சம் கவனமா இருக்கட்டாம்" என்றேன். நேசம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவவுக்குச் சொல்லுங்கோ, நாலு நாளாப் பிள்ளை ஒண்டும் தின்னேல்லை. அதை ஆராவது எழுதி வைச்சவையோ எண்டு கேளுங்கோ. நான் செய்தது பிழையில்லை. நாளைக்கும் செய்வன்." நான் பார்பராவிடம் திரும்பி, நேசம் மிகவும் வருந்துகிறாள், இனிமேல் நடக்காது என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன், பிள்ளை. சண்டை வராமல் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

நேசத்துக்கு அந்த அளவு ஆங்கிலம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எழும்பினாள். "நோ சொறி" என்றாள். "பேபி நோ ஈட். ஃபோர் டே. புக் லுக்." பார்பரா அலமாரியிலிருந்து சாப்பாட்டுக் கொப்பியை எடுத்தாள். எந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று ஒவ்வொரு நாளும் குறிக்கிற கொப்பி. அந்தப் பெட்டையின் பெயருக்கு நேரே நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தது. எழுதியது என் கை. தாய் பின்னேரம் வந்து கேட்கும்போது அந்த மனுசி வேலைக் களைப்போடு கவலைப்படக் கூடாது என்று எழுதினேன். இரக்கம் என்றுதான் நினைத்தேன். பார்பரா கொப்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு பிள்ளை நாலு நாள் பட்டினி கிடந்திருக்கிறது, அதை மூடி மறைத்தது நான். அந்த எச்சரிக்கைக் கடிதம் நேசத்துக்கு எழுதப்படவில்லை. எனக்குத்தான் எழுதப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்து, பார்பரா இன்றைக்கு என்னைப் புகழ்ந்தாள் என்று உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். நீ கேக் வாங்கி வந்தாய். தின்றேன்.

நேசத்துக்கு என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்பரா ஒரு மாதத்துக்கு அந்தப் பிள்ளைக்கு மட்டும் கையால் ஊட்ட விட்டாள். மாதம் முடிய முன்னமே பெட்டை கரண்டியைத் தானே பறித்துக்கொண்டாள். நேசம் குரோய்டனில் பின்னேர வகுப்புக்குப் போய், மூன்று வருடத்தில் இங்கத்தைய சான்றிதழையும் எடுத்து, இன்றைக்கு வேறொரு நேர்சரியில் ஒரு அறையின் பொறுப்பில் இருக்கிறாள். பிள்ளைகள் இன்னமும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. அவளுடைய பித்தளை மணிக்கு மட்டும் அந்த அறைச் சுவரில் தொங்க ஒரு ஆணி கிடைத்திருக்கிறது. ஆகவே பார், கடைசியில் எல்லாம் நன்றாகத்தானே முடிந்தது என்று நீ சொல்லுவாய். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்: "பேசாம எழுதிக் குடன், பிள்ளையின்ர வேலை." நன்றாக முடிந்தது நேசத்தின் கெட்டித்தனத்தால். என் பொய்யால் அல்ல. அந்த வித்தியாசத்தை நீ மறக்க வேண்டாம்.

நேற்று, புதன்கிழமை, நான் மொழிபெயர்ப்பை முடித்தேன். துண்டுப்பிரசுரத்தை அல்ல, ஒப்பந்தத்தை. நப்பியும் வாளியும் எறும்பு எழுத்தும் உட்பட, ஒரு வரி விடவில்லை. முடித்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நோர்பரிக்குப் போய் நேசத்தின் கதவைத் தட்டினேன். விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவோடு வாசித்தாள். "'சிறு துப்புரவு வேலைகள்' எண்டு எழுதியிருக்கிறீங்கள். எது சிறு?" என்று கேட்டாள். ஒப்பந்தத்தில் சிறு என்ற சொல் இல்லை. பழக்கதோசத்தில் நானாகச் சேர்த்தது. வெட்டினாள். அடியில் தன் கையால் ஒரு பந்தி எழுதினாள். நான் இப்படி வந்தவள், முதல் வருடம் இப்படி இருக்கும், படிப்பை முடித்தால் இன்னது கிடைக்கும், முடிக்காவிட்டால் கிடைக்காது, உங்கள் வகுப்பை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதை நன்றாகப் பார்த்து முடிவெடுங்கள் என்று. தன் பெயரை எழுதி, கையெழுத்தும் வைத்தாள்.

உறைக்குள் இருப்பது அந்தத் தாள்தான், நாற்பது பிரதிகள். திங்கட்கிழமை ஹோட்டலில் நாற்பது பேர் வருவார்கள் என்றாயே. அவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காவல் இருந்து, இரண்டு மூன்று நாள் அலைந்து வந்திருப்பார்கள். எல்லாரும் யாரோ முப்பது பிள்ளைகளின் ரீச்சர். நீ வாய் திறக்க முன்னர் இது ஒவ்வொருத்தி கையிலும் இருக்க வேண்டும். ஒரு இரவு வைத்து யோசித்து, அடுத்த நாள் கையெழுத்து வைக்கட்டும். உன் பளபளப்புத் தாளை நான் மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்கப் போவதும் இல்லை. கம்பனி கோபித்தால் கோபிக்கட்டும். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் எழும்பிப் போனால் போகட்டும்; மிச்சம் ஐந்து பேரும் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வருகிறவர்களாக இருப்பார்கள். மிட்சத்தில் அந்த அறையைத் திறக்க அது காணும். வேலையை விட்டுப் போ என்று உனக்குச் சொன்னால் வீட்டுக்கு வா, உன் கட்டில் இருக்கிறது. நீ என் பிள்ளை. என் படத்தை எடுத்தவளும் நீ. அந்தப் படத்தை இன்னொரு தரம் எடுக்க உன்னை விடமாட்டேன்.

நாற்பது தாள்களுக்கும் மேலே ஒரு படம் இருக்கும், பார். ஒரு மணித்தியாலத்தில் கழுவித் தருகிற கடையிலிருந்து இன்றைக்குத்தான் வாங்கி வந்தேன். மத்தியான இடைவேளையில் நேசம் கமெராவோடு எங்கள் நேர்சரிக்கு வந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். "ஏப்ரனைக் கழட்டுறீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கமெராவைக் கண்ணில் வைத்தவள் திரும்பவும் இறக்கினாள். "அப்ப அந்த வாளியையும் தூக்கு" என்றாள். தூக்குங்கோ என்று சொல்லவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு.

ஆகவே முதலில் அந்தப் படத்தை மேசையில் வை, பிள்ளை. வாளி நன்றாகத் தெரிகிற மாதிரி வை. எல்லாரும் பார்த்து முடித்த பிறகும் பேனாவை எடுக்கிறவள் எவளோ, அவளை ரீச்சர் என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கு. அவள் வந்து இறங்குகிற அன்றைக்கு ஹீத்ரோவுக்கு நானும் நேசமும் வருவோம்.

அம்மா